பலாத்தோப்பு பார்க்க வியட்நாம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. காடாம்புலியூர் பக்கம் நாலரை ஏக்கர் செம்மண் நிலம், பலாவும் முந்திரியும். தானே புயலில் பாதித் தோப்பு சாய்ந்து, மறுபடி கன்று வைத்து வளர்த்தோம். எங்கள் உழவர் குழுவில் 22 பேர் சேர்ந்து எட்டு நாள் வியட்நாம் சுற்றுலா போகிறார்கள். பாதி நாள் தோட்டம், பாதி நாள் ஊர் பார்ப்பது, கூடவே வழிகாட்டி. ஆளுக்கு 92 ஆயிரம். வீட்டுக்காரர் என்னையும் கூப்பிடுகிறார். புதுச்சேரியில் வேலை பார்க்கும் மகனோ, "இந்த வயசுல ஊர் சுத்தணுமா? அந்தக் காசுல போர் மோட்டாரை மாத்தலாம்" என்கிறான். நான் வள்ளலார் வழி, கறி மீன் தொடுவதில்லை. வீட்டில் கறவை மாடு இரண்டு. அவர்கள் தோட்டம் பார்க்கும்போது நான் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கத்தானே போகிறேன்? நான் போகத்தான் வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்தக் கடைசி வரிக்கு முந்தைய வரி. "நான் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் உட்கார வேண்டும்? 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் அந்தக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு சாய்ந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்தியதிலும், குழி எடுத்துக் கன்று வைத்ததிலும், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதிலும் உங்கள் கை இல்லையா? கொட்டை பொறுக்குவது, காய வைப்பது, மாடு, கூலிக் கணக்கு எல்லாம் யார் பார்க்கிறார்கள்? நீங்கள் அவருக்குத் துணையாகப் போகவில்லை, நீங்களும் ஒரு விவசாயியாகப் போகிறீர்கள். மீதிப் பேச்சையெல்லாம் அங்கிருந்து தொடங்குவோம்.

என் தம்பிக்கும் நிலம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அவன் ஊர்க்காரர்களோடு நானும் இதே போன்ற பயணத்தில் வியட்நாம் போனேன். எங்களை அழைத்துப் போனவர்கள் நோட்டீசில் "பண்ணைப் பார்வை" என்று நான்கு இடம் போட்டிருந்தார்கள். அதில் மூன்று, படகிலிருந்து இறங்கியதும் தேன் கலந்த டீ கொடுத்து, தேன்கூட்டுச் சட்டத்தைக் கையில் பிடித்துப் படம் எடுக்கச் சொல்லி, தேங்காய் மிட்டாய் பொட்டலத்தை நீட்டுகிற இடங்கள். இடத்துக்கு 40 நிமிடம். தேனும் மிட்டாயும் நன்றாகவே இருந்தன, குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடன் வாங்கி வந்திருந்த ஒருவர் என்னிடம், "அக்கா, இதுவரைக்கும் ஒரு மரத்தடி மண்ணை மிதிக்கலையே" என்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நாலாவது இடம்தான் நிஜத் தோட்டம். மேகாங் ஆற்றுப் படுகையில் ஒரு பலாத்தோப்பு. அங்கே வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே இரண்டு பக்கமும் மேடாகப் போட்டு, மேட்டின் மேல் மரம் வைக்கிறார்கள். இரண்டு மேட்டுக்கு நடுவில் தண்ணீர், அதில் சின்னப் படகு. மரங்கள் நம்மூர்ப் பலா மாதிரி வானத்தைத் தொடவில்லை. கிளையை வெட்டிக் கவாத்து செய்து, நின்ற இடத்திலிருந்தே காய்க்குக் கை எட்டும் உயரத்தில் வைத்திருந்தார்கள். தாய்லாந்திலிருந்து வந்த ஒட்டு ரகம், இரண்டு வருடத்துக்குள் காய்க்கத் தொடங்கிவிடுமாம். என் தம்பி கேட்டான்: "மரத்துக்கு எத்தனை பிஞ்சு விடுவீங்க?" அதை எங்கள் பயண மேலாளர் ஆங்கிலத்தில் சொல்ல, உள்ளூர் வழிகாட்டி அவர்கள் மொழியில் சொல்ல, பதில் அதே வழியில் திரும்பி வந்தது: "பழம் ரொம்ப இனிப்பாக இருக்கும் என்கிறார்." தம்பி மறுபடி கேட்டான். மறுபடியும் இனிப்பு. அப்போது அந்த வீட்டு அம்மா, ஐம்பது வயது இருக்கும், தலையில் கூம்புத் தொப்பி, பேசாமல் என் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனார். அடிமரத்தில் கொத்தாக ஏழெட்டுப் பிஞ்சு. கோணலாக இருந்ததைக் கிள்ளினார், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றதைக் கிள்ளினார், சப்பையைக் கிள்ளினார். இரண்டை மட்டும் விட்டு, இரண்டு விரலைக் காட்டினார். காம்பிலிருந்து வழிந்த பாலைத் தன் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டார். அந்தத் தோப்பில் பிஞ்சு களைவது அவர் வேலை. எங்கள் குழுவில் வந்த ஆண்கள் எல்லோரும் வீட்டுக்காரரைச் சுற்றி நின்று விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், போங்கள். விலையையும் ஏற்றுமதியையும் உங்கள் வீட்டுக்காரர் விசாரித்துக்கொள்வார். அந்த அம்மாவிடம் கேட்க வேண்டியதை உங்களால்தான் கேட்க முடியும்.

ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஏற்பாட்டாளரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஊர், யாருடைய தோட்டம், என்ன பயிர், அங்கே எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள். "பண்ணைப் பார்வை" என்று பொதுவாகப் போட்டிருந்தால் விடாதீர்கள். ஒரு தோட்டத்தில் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்தால் அது வேடிக்கைதான். பஸ் எந்தெந்தக் கடையில் நிற்கும் என்பதையும் கேளுங்கள். பட்டுக்கடை, நகைக்கடை, மெத்தைக்கடை என்று மூன்று கடை ஏறி இறங்கினால் ஒரு தோட்டத்துக்கான பொழுது போய்விடும். எல்லாவற்றையும்விட மொழிபெயர்ப்பு முக்கியம். கவாத்து, ஊடுபயிர், பிஞ்சு களைதல், பூ உதிர்வது, இதெல்லாம் தெரிந்த ஒருவர் நடுவில் இருக்க வேண்டும். வேளாண்மை படித்த பையன் ஒருவன் உங்கள் குழுவிலேயே யார் வீட்டிலாவது இருப்பான். 22 பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அவனை அழைத்துப் போனால்கூட நஷ்டம் இல்லை என்பேன். கேட்க வேண்டிய கேள்விகளைப் பத்து நாள் முன்பே எழுதிக் கொடுத்து, வியட்நாமிய மொழியில் பெயர்த்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பழத்துக்குள் சுளையைச் சுற்றியிருக்கும் சடை கறுத்துப்போகும் நோய் அங்கே பெரிய தலைவலி. மழைக்காலத்தில் அதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை முதல் கேள்வியாகப் போடுங்கள்.

முந்திரியையும் விட்டுவிடாதீர்கள். முந்திரிப்பருப்பு ஏற்றுமதியில் 2006 வாக்கில் வியட்நாம் நம்மை முந்தியது, அன்றிலிருந்து அவர்கள்தான் முதலிடம். இத்தனைக்கும் அங்கே உடைபடும் கொட்டையில் பெரும்பகுதி கம்போடியாவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வருவது. பிறகு எப்படி ஜெயித்தார்கள்? உடைக்கும் எந்திரத்தையும் தோல் நீக்கும் எந்திரத்தையும் அவர்களே செய்துகொண்டார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரிப் பால் பட்டு விரல் கறுத்துப்போன பெண்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். அந்தக் கை வேலையை எந்திரம் எப்படிச் செய்கிறது, எவ்வளவு பருப்பு முழுசாக வருகிறது, எவ்வளவு நொறுங்குகிறது என்று நீங்கள் நின்று பார்க்க வேண்டும். முந்திரிக்குப் பேர்போன இடம் பின் ஃபுக். 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்து 63ஐ 34 ஆக்கியபோது அது டோங் நாய் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. பயணத் திட்டத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.

எந்த மாதம் என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே முந்திரி பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை விழும். நமக்கு மார்ச்சில் கொட்டை விழ ஆரம்பித்தால் வீட்டை விட்டு நகர முடியாது. அதனால் பிப்ரவரிக் கடைசி உங்களுக்குத் தோதான நேரம். அவர்களுடைய புத்தாண்டான டெட் ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும், அந்த ஒரு வாரம் ஊரே அடைத்துக் கிடக்கும். அதைத் தவிருங்கள். மே முதல் நவம்பர் வரை தெற்கே மழை.

ஊர் பார்ப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எட்டு நாளில் வடக்கே ஹாலோங் விரிகுடா, நடுவே கை தாங்கி நிற்கும் தங்கப் பாலம், தெற்கே மேகாங் என்று மூன்றையும் சேர்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இப்போது ஹோ சி மின் நகரம் என்று சொல்லும் சைகோனிலிருந்து வடக்கே ஹனோய்க்கு ரயில் தடமே 1,726 கிலோமீட்டர். விமானத்தில் போனாலும் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலும் இரண்டு நாள் போய்விடும். தெற்கை மட்டும் நிதானமாகப் பாருங்கள். கான் தோ ஊரில் விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் போனால் காய் ராங் படகுச் சந்தை. எந்தப் படகில் என்ன விற்கிறார்கள் என்பதற்கு நீளக் கழியின் நுனியில் அந்தக் காயையே கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், போர்டே வேண்டாம். ஃபான் தியெட் பக்கம் ஓர் இரவு தங்கினால், பருவம் இல்லாத காலத்திலும் பூக்க வைப்பதற்காக டிராகன் பழத் தோட்டம் முழுக்க பல்பு எரிவதைப் பார்க்கலாம். மேட்டில் நின்று பார்த்தால் கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும்.

சைகோனில் ஒரு சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்கு ஒதுக்குங்கள். ஆமாம், நம் மாரியம்மன்தான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரி, காரைக்காலிலிருந்து போலீஸ், வரி வசூல், நீதிமன்ற வேலை என்று எத்தனையோ குடும்பங்கள் அங்கே போயின. வட்டித்தொழில் செய்த நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் அங்கே இருக்கிறது. இன்று மாரியம்மனுக்கு ஊதுபத்தி ஏற்றி நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாம் பெண்கள். சுவரில் நெற்றி பதித்து வேண்டிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. உங்கள் மகன் புதுச்சேரியில்தானே இருக்கிறார். அங்கே பழைய குடும்பங்களில் விசாரிக்கச் சொல்லுங்கள், "எங்க தாத்தா சைகோன்ல இருந்தார்" என்று சொல்ல ஒருவராவது கிடைப்பார்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பௌத்தம் பரவிய நாடு என்பதால் சைவச் சாப்பாட்டுக்குத் தனிக் கடைகளே உண்டு. "சாய்" என்ற சொல்லைப் போர்டில் பார்த்தால் நுழையலாம். மற்ற கடைகளில் மட்டும் கவனம். கீரைப் பொரியலில்கூட மீன்சாறு ஊற்றுவார்கள், காய்தானே என்று வாங்கிவிடாதீர்கள். "கறி, மீன், மீன்சாறு எதுவும் கூடாது" என்று அவர்கள் மொழியில் ஒரு அட்டையில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொஞ்சம் இருந்தால் போதும்.

காகித வேலை அதிகம் இல்லை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். விசா இணையத்திலேயே, ஒருமுறை நுழைய 25 டாலர். நம் இனிஷியல் தகராறு இங்கேதான் வரும். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ ஓர் எழுத்து பிசகாமல் அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகைக்கு டிசிஎஸ் என்று வரி பிடிப்பார்கள். 92 ஆயிரத்தில் அது சேர்த்தியா, தனியா என்று கேளுங்கள். விவசாயத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாதவர்கள் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். அதனால் பணத்தை வங்கி வழியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். அவருக்கோ உங்களுக்கோ சர்க்கரை, அழுத்தம் இருந்தால் காப்பீட்டில் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அங்கிருந்து விதையோ ஒட்டுக்கன்றோ பையில் ஒளித்துக் கொண்டுவரக் கூடாது. அனுமதியும் நோயில்லைச் சான்றும் இல்லாமல் நடவுப் பொருள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அதைவிட, தெரியாத நோய் ஒன்று உங்கள் தோப்புக்குள்ளேயே வந்துவிடும். அந்த ரகம் வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தது, உங்கள் செம்மண்ணில் என்ன செய்யும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கண்ணில் பார்த்ததைப் படமாகக் கொண்டுவந்து நம் பாலூர் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். அவர்கள் தந்த பாலூர் 1 பலாவில் அந்தக் கவாத்தையும் பிஞ்சு களைவதையும் செய்து பார்க்கலாம். தோட்டத்தில் போட்ட செருப்பை அங்கேயே கழுவிக் காய வைத்து எடுத்து வாருங்கள், வந்த அன்றே அதைப் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போகாதீர்கள்.

மாடு என்றதும் உங்கள் கவலை புரிகிறது. ஓரகத்தியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ யார் கறப்பதாக இருந்தாலும், நீங்கள் கிளம்புவதற்கு ஐந்தாறு நாள் முன்பே உங்களோடு கொட்டகைக்கு வரட்டும். உங்கள் பழம்புடவை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்துவிட்டுப் போங்கள், அதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தால் மாடு அவ்வளவாக மிரளாது. எட்டு நாள் பாலை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டால் மனதாரப் பார்த்துக்கொள்வார்கள்.

மகன் சொல்வதைத் தப்பு என்று தள்ள மாட்டேன். ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரம் சின்னத் தொகை இல்லை. மோட்டார் இந்தக் கோடையைத் தாங்காது என்றால் முதலில் மோட்டார், பயணம் அடுத்த ஆண்டு. கடன் வாங்கியோ நகை வைத்தோ போக வேண்டாம், அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கையில் இருக்கிற பணம் என்றால், மகனை உட்கார வைத்துப் பேசுங்கள். 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசே 100 உழவர்களை ஜப்பான், சீனா, வியட்நாமுக்கு அனுப்ப 2 கோடி ஒதுக்கியது. வெறும் ஊர் சுற்றல் என்றால் ஒதுக்குவார்களா? "வயசு" என்று அவர் சொன்னதற்கு நீங்களே பதில் சொல்லலாம். 52 வயதில் பலாமரத்தடியில் குனிந்து நிமிர்கிற உடம்பு படகில் ஏறி இறங்காதா?

இன்னொன்று. அந்த அம்மா எனக்கு இரண்டு விரல் காட்டியபோது, பதிலுக்குக் கொடுக்க என் கையில் ஒன்றுமே இல்லை. நீங்கள் போகும்போது உங்கள் தோப்பு முந்திரிப்பருப்பை வறுத்து, பாக்கெட்டில் அடைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, கால் கிலோ கால் கிலோவாக நாலு எடுத்துக்கொள்ளுங்கள்.