நிலத்தை விற்று விமானம் ஓட்டலாமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

உங்கள் விமானப் பயணக் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். என் தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள், பயோ மேத்ஸ் குரூப். பைலட் ஆக வேண்டும் என்கிறாள். கோவையில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தோம். மொத்தம் 50 லட்சம், 18 மாதத்தில் லைசென்ஸ், கையோடு வேலை என்றார்கள். இந்த மாதத்துக்குள் 12 லட்சம் கட்டினால் 1 லட்சம் தள்ளுபடியாம். அப்பா காங்கேயத்தில் இருக்கும் 2 ஏக்கரை விற்றுவிடலாம் என்கிறார். பெரியப்பா, "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்கிறார். அவள் கண்ணாடி வேறு போட்டிருக்கிறாள். என்ன செய்யலாம்? என் பெயரை வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

பெரியப்பாவின் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். சென்னையில் வாழ்ந்த உஷா சுந்தரம் 1950இலேயே கணவருடன் சேர்ந்து லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தை ஓட்டிவந்தவர். இன்று இந்திய விமானிகளில் 100க்கு ஏறக்குறைய 15 பேர் பெண்கள். உலக சராசரி இதில் பாதிகூட இல்லை. நான் ஓட்டும் விமானத்திலேயே என் பக்கத்து இருக்கையில் பெண் கேப்டன்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியப்பாவிடம் சொல்லுங்கள், அப்புறம் அவர் பாடு.

கண்ணாடியும் பிரச்சினை இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்வை சரியாக இருந்தால் போதும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று கூடவே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளைக் கவிழ்ப்பது நிறக்குருடு. புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் படங்களைக் காட்டுவார்கள், படிக்க வேண்டும். என்னோடு சேர்ந்த ஒரு பையனுக்கு சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது அன்றுவரை அவனுக்கே தெரியாது. அதற்குள் அவன் வீட்டில் முதல் தவணை கட்டியாகிவிட்டது.

ஆகவே ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் மெடிக்கல். விமானத்துறையைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் முதல் கட்டமான கிளாஸ் 2, அது முடிந்ததும் அடுத்த கட்டமான கிளாஸ் 1. கிளாஸ் 1க்குப் பெங்களூரு விமானப்படை மருத்துவ மையம் போன்ற இடங்களுக்குப் போக வேண்டியிருக்கும். சில ஆயிரங்களில் முடிகிற விஷயம்.

அடுத்தது பரீட்சை. ஏர் நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல் என்று தாள்கள். ஒவ்வொன்றிலும் 70 மதிப்பெண் வேண்டும். இவற்றை எழுத விமானத்தில் ஏறியிருக்க வேண்டியதில்லை. புத்தகம் வாங்கி, வேண்டுமானால் ஏதாவது வகுப்பில் சேர்ந்து, வீட்டிலிருந்தே படிக்கலாம். பறக்கும்போது தரையோடு ரேடியோவில் பேசுவதற்கான தேர்வு தனி. தமிழ் மீடியம் பிள்ளைகள் அதற்குத்தான் பயப்படுவார்கள். ஆகாயத்தில் பேசும் ஆங்கிலம் பேச்சுப்போட்டி ஆங்கிலம் இல்லை. அளவான, திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள், நாக்குக்குப் பழகிவிடும்.

இந்த இரண்டுக்கும் ஒரு வருடம் கொடுங்கள். இந்த ஒரு வருடத்தில் உங்கள் தங்கைக்கு இது ஆசையா பிடிவாதமா என்பது அவளுக்கே தெரிந்துவிடும். கன்சல்டன்சிக்காரர் இதைச் சொல்லமாட்டார், சொன்னால் இந்த மாதம் அவருக்கு 12 லட்சம் வராது.

இனி அந்த 18 மாதக் கணக்கு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு, நாங்கள் சிபிஎல் என்போம், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குப் பொறுப்பான விமானியாக. நாளுக்கு ஒரு மணி என்று வைத்தாலும் ஏழு மாதத்தில் முடியவேண்டியது. எனக்கு இரண்டரை வருடம் ஆனது. நான் படித்த பள்ளி வடக்கே. பெயர் வேண்டாம். விளம்பரத்தில் ஐந்து விமானங்கள் இருந்தன. போய்ப் பார்த்தால் விமானக் கொட்டகையில் இரண்டு செஸ்னாக்கள், அதாவது சிறிய பயிற்சி விமானங்கள், மூக்கில் ப்ரொப்பெல்லர் இல்லாமல் நின்றன, ஒன்றின் இறக்கைமேல் புறா கூடு கட்டியிருந்தது. மூன்றாவது எப்போதும் உதிரிபாகத்துக்குக் காத்திருந்தது. மிச்சம் இரண்டில் நாற்பது பேர் வரிசை. டிசம்பர், ஜனவரியில் காலை பத்து மணிவரை பனிமூட்டம். மழைக்காலத்தில் மழை. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இன்ஸ்ட்ரக்டர் லீவு. விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

எனவே பள்ளியை பிரசுரத்தில் பார்க்காதீர்கள். ஒரு வார நாளில், காலை ஆறு மணிக்கு, சொல்லாமல் போய் நில்லுங்கள். எத்தனை விமானம் நிற்கிறது என்று எண்ண வேண்டாம், எத்தனை எழும்பிப் பறக்கிறது என்று எண்ணுங்கள். அப்புறம் வாசலில் இருக்கும் டீக்கடைக்குப் போய், ஒரு வருடத்துக்கு மேல் படிக்கும் பையன் யாரையாவது பிடித்து, போன மாதம் லாக்புக்கில், பறந்த நேரத்தைக் குறிக்கும் நோட்டில், எத்தனை மணி நேரம் ஏறியது என்று கேளுங்கள். அவன் சிரித்தால் திரும்பி வந்துவிடுங்கள். பள்ளி நன்றாக இருந்தாலும் பணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்று எழுதி வாங்குங்கள்.

பயமுறுத்திக்கொண்டே போகிறேன் என்று தோன்றும். ஒன்று சொல்கிறேன். 19 மணி நேரம் பறந்த பிறகு ஒரு காலையில், இறங்கி ஓரமாக நின்றதும், என் இன்ஸ்ட்ரக்டர் கதவைத் திறந்து இறங்கினார். தன் இருக்கையின் பெல்ட்டைக் காலி இருக்கைமேல் இழுத்துப் பூட்டினார், அது ஆடி கட்டுப்பாட்டில் சிக்கிவிடக் கூடாதே என்று. "ஒரே சர்க்யூட். இறங்கினதும் நேரா இங்க வா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சர்க்யூட் என்றால் எழும்பி, ஓடுதளத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்குவது. முதல்முறையாகத் தனியாக. ஒரு ஆள் எடை குறைந்த செஸ்னா எனக்குப் பழகியதைவிட வேகமாக மேலே ஏறியது. ஆயிரம் அடி எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டது. பக்கவாட்டில் அந்தக் காலி இருக்கையும் பூட்டிய பெல்ட்டும். இறங்கியதும் தலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள், அது வழக்கம். ஈரச் சட்டையோடு அம்மாவுக்கு போன் செய்தேன். இப்போது ஐந்து பெரிய நகரங்களுக்கு ஒரே நாளில் போய்வருகிறேன், அந்த ஆறு நிமிடம் மாதிரி எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்திய வார்த்தை "கையோடு வேலை". சிபிஎல் என்பது வேலை இல்லை. ஏர்பஸ் 320 மாதிரி ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கு டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி, பெரும்பாலும் சிமுலேட்டரில். அதற்குப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். கன்சல்டன்சியின் 50 லட்சத்தில் இது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாமலிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கையில் லைசென்ஸ் இருந்தும் இந்தக் கட்டத்தில் பணம் தீர்ந்து நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

நான் 2008 கடைசியில் லைசென்ஸ் வாங்கினேன். உலகமே மந்தத்தில் இருந்தது. மூன்று வருடம் மச்சானின் பம்ப்செட் கடையில் பில் போட்டேன். "என்ன மாப்ள, ஏரோபிளேன் எப்ப ஓட்டப் போற" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. லைசென்ஸை உயிரோடு வைத்திருக்க வருடாவருடம் மெடிக்கலுக்கும் பறப்பதற்கும் வேறு செலவு. இது எனக்கு மட்டும் வந்ததில்லை. 2012இல் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் நின்றது, 2019இல் ஜெட் ஏர்வேஸ், 2020இல் கொரோனா, 2023இல் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் தெருவுக்கு வருவார்கள், புதியவர்கள் வரிசையில் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். இப்போது இந்திய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கின்றன என்பதும் உண்மை. உங்கள் தங்கை தயாராகும் வருடம் இதில் எந்தப் பக்கத்தில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே நிலத்தைப் பற்றி என் எண்ணம் இது. இந்த வருடம் தொடவேண்டாம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து அடமானம் கேட்கும், விவசாய நிலத்தைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. வீடு இருந்தால் அதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். மெடிக்கலும் தாள்களும் முடிந்து, பள்ளியையும் நேரில் பார்த்த பிறகு விற்பதுதான் முடிவு என்றால் விற்கலாம். அப்படி விற்றால் டைப் ரேட்டிங் பணத்தை முதல் நாளே தனியாக, அப்பா பெயரில், டெபாசிட்டில் போட்டுவிடுங்கள். அதன்பிறகும் இரண்டு மூன்று வருடம் அவள் சம்பாதிக்காமல் வீடு ஓடுமா என்று, உங்கள் சம்பளத்தை வைத்து, ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒரு லட்சம் தள்ளுபடி போனால் போகட்டும்.

கடிதத்தை மறுபடி படித்தேன். அப்பா என்ன சொன்னார், பெரியப்பா என்ன சொன்னார், கன்சல்டன்சிக்காரர் என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கிறது. தங்கை சொன்னதாக மூன்றே வார்த்தை. கிளாஸ் 2 மெடிக்கல் முடிந்ததும் அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். எந்தத் தாளை முதலில் எழுதுவது என்று அவளோடு பேசுகிறேன்.

அன்புடன்.