ஒன்றரை ஏக்கரை விற்க வேண்டாம்

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டுத் தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். மகள் பிளஸ் டூ, பயோ-மேத்ஸ். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடச் சொல்லித் தாய்மாமன் விடாமல் நெருக்குகிறாராம், அதற்காக ஒன்றரை ஏக்கர் காட்டை விற்கப் பேச்சு நடக்கிறது. பெண் என்ன கேட்கிறாள் என்றேன். "லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சராமுங்க, புல்லு வெட்டற வேலைங்கறாரு எங்கண்ணன்" என்றார்.

பயப்படாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கலாம். நிலம் கைமாறிய பிறகு அந்த ஆறுதல் எதற்கு உதவும்? விற்காதீர்கள் அம்மா. பிள்ளைக்கு ஆசையில்லாத படிப்புக்கு நன்கொடை கட்ட நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது, அதை விடுங்கள்.

உங்கள் மகள் கேட்பதைப் பார்ப்போம். ஒரு இடத்தில் மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், எங்கே மண்ணுக்குள் இறங்கும், அதற்கு மேட்டை எவ்வளவு வெட்டிப் பள்ளத்தை எவ்வளவு நிரப்ப வேண்டும், இந்த மண்ணுக்கு எந்த மரம், இருபது வருடம் கழித்து அதன் நிழல் எங்கே விழும், வேருக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், இதையெல்லாம் அளந்து வரைந்து படிக்கிற படிப்பு அது. சென்னை அடையாறு பூங்கா ஒரு காலத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த கழிமுகம். அந்த 58 ஏக்கரில் நீர்ப்போக்கைச் சரிசெய்து, உள்ளூர்ச் செடிகளை நட்டு, 2011இல் திறந்தார்கள். டெல்லியில் சுந்தர் நர்சரி என்ற பூங்காவை வடிவமைத்த முகமது ஷாஹீர் இந்தத் துறைக்காரர்தான்.

சரி, வழி என்ன? முதலில் கட்டடக்கலைக்கான ஐந்து வருட பி.ஆர்க். பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் வேண்டும், இவளுக்கு இரண்டும் இருக்கின்றன. அதற்கான நாட்டா நுழைவுத்தேர்வு எழுதட்டும். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நாட்டா மதிப்பெண்ணுக்குப் பாதி, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குப் பாதி. அப்புறம் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரில் இரண்டு வருட முதுகலை: சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம், டெல்லி, போபால், விஜயவாடாவில் எஸ்.பி.ஏ. என்ற கட்டடக்கலைக் கல்லூரிகள். முதுகலைக்கான கேட் நுழைவுத்தேர்வில் தேறி எஸ்.பி.ஏ.யில் இடம் பிடித்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். நடுவில் மனம் மாறினாலும் பி.ஆர்க்கை வைத்து ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்துகொள்ளலாம்.

செலவில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். ஏழு வருடம் ஆகும். கட்டணம் போக லேப்டாப், மாடல் செய்யும் அட்டை, ஸ்டடி டூர் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும், தொடக்கச் சம்பளமோ ஐ.டி.க்குப் போன பிள்ளைகளைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதனால் கலந்தாய்வில் வருகிற இடம் மட்டும் போதும். வீட்டை அடகு வைத்து வெளிநாட்டு முதுகலை வேண்டவே வேண்டாம்.

வெயிலில் சைட்டில் நிற்பாளா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், மாமா இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை உங்கள் காட்டுக்கே கூட்டிப்போங்கள். மழைத்தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று நடந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு வாருங்கள், உங்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு.