குலை நோயைத் தாங்கிய நெல் ரகம் சில ஆண்டுகளில் ஏன் தாங்காமல் போகிறது?

கேள்வி: குலை நோயைத் தாங்கும் என்று பரிந்துரைக்கப்பட்ட ஒரு நெல் ரகத்தைச் சில ஆண்டுகளாகச் சம்பாவில் நட்டு வருகிறோம். தொடக்கத்தில் நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது இலையிலும் கதிரின் கழுத்திலும் வருகிறது. விதையில் கலப்பு இருக்கும் என்கிறார் பக்கத்து வயல்காரர். பூஞ்சையில் இருக்கும் ‘தாவும் மரபணு’தான் காரணம் என்கிறாள் வேளாண்மை படிக்கும் என் மகள். எது சரி? விதையை மாற்ற வேண்டுமா, மருந்தைக் கூட்ட வேண்டுமா? அந்த மரபணு நெல்லுக்கும் தாவிவிடுமா?

பதில்: உங்கள் மகள் சொல்வது நடக்கக்கூடியது, உலகின் வேறு இடங்களில் நடந்ததும் உறுதிப்பட்டிருக்கிறது. ஆனாலும் அந்த முடிவுக்கு வருமுன் வயலில் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். இலையில் இருப்பது நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட, இரு முனையும் கூர்ந்த கண் வடிவப் புள்ளிதானா, அல்லது செம்புள்ளி நோயின் சிறிய நீள்வட்டப் புள்ளியா என்று முதலில் உறுதி செய்யுங்கள். குலை நோய்தான் என்றால், நோயுற்ற பயிர்கள் உயரத்திலும் பூக்கும் நாளிலும் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றனவா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் பக்கத்து வயல்காரர் சொல்வதுபோல விதைக் கலப்பாக இருக்கலாம். எல்லாம் ஒரே தோற்றத்தில், ஒரே சமயத்தில் பூத்து, அவற்றிலேயே நோய் பரவலாக வருகிறது என்றால்தான் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும்.

தாங்கும் ரகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவை நம்பியிருக்கும் ரகம். குலை நோய்ப் பூஞ்சை இலைக்குள் நுழையும்போது பல புரதங்களைச் செலுத்துகிறது. அவற்றுள் குறிப்பிட்ட ஒன்றை நெல்லின் எதிர்ப்பு மரபணு அடையாளம் கண்டுகொள்ளும். கண்டதும் அந்த இடத்துச் செல்கள் தம்மையே மாய்த்துக்கொண்டு பூஞ்சையை மேலே பரவவிடாமல் தடுக்கின்றன. காவலர் ஒரு கள்வனைக் கன்னத்து மச்சம் ஒன்றை மட்டும் வைத்துப் பிடிப்பது போன்ற ஏற்பாடு இது. மச்சம் மறைந்தால் கள்வன் அப்படியே இருப்பான், காவலரும் அப்படியே இருப்பார், பிடிபடுவது மட்டும் நடக்காது. உங்கள் நெல்லின் மரபணு பழுதாகவில்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்; மாறியது எதிரே இருப்பது.

அந்த மாற்றத்தை விரைவாக்குவதில்தான், உங்கள் மகள் ‘தாவும் மரபணு’ என்று சொல்லும் நகரும் டி.என்.ஏ.வுக்குப் பங்கு உண்டு. மரபுத்தொகுதிக்குள், அதாவது ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ.வுக்குள், ஓரிடத்திலிருந்து தன்னை வெட்டிக்கொண்டோ, தன் நகலை எடுத்தோ வேறோர் இடத்தில் புகுந்துகொள்ளும் துண்டுகள் இவை. மக்காச்சோளத்தில் இவற்றை முதலில் கண்டறிந்த பார்பரா மெக்ளின்டாக்குக்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. குலை நோய்ப் பூஞ்சையின் மரபுத்தொகுதி 2005இல் வெளியானபோது, சுமார் 4 கோடி எழுத்துகள் (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகுகள்) கொண்ட அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. என்றும், அதில் பெரும்பகுதி இத்தகைய நகரும் துண்டுகளே என்றும் தெரியவந்தது. பாட்2, பாட்3, மேகி என்று அவற்றுக்குப் பெயர்கள் உண்டு. ஒரு துண்டு மரபணுவின் நடுவில் புகுந்தால் புரதம் உருவாகாது. மரபணுவை இயக்கும் முன்பகுதியில் புகுந்தால் மரபணு இருந்தும் வேலை செய்யாது. ஒரே மாதிரியான இரண்டு துண்டுகளுக்கு இடையில் மரபணு சிக்கிக்கொண்டால், அவ்விரண்டும் தவறாக இணைசேரும்போது இடையில் இருப்பது மொத்தமாக வெட்டுண்டு போகவும் கூடும்.

இது ஆய்வகக் கற்பனை அன்று. பை‑டா என்னும் எதிர்ப்பு மரபணு அடையாளம் காணும் ஏ.வி.ஆர்.‑பிடா என்ற பூஞ்சை மரபணு, 3ஆம் குரோமோசோமின் கடைக்கோடியில் இருக்கிறது; குரோமோசோமின் முனைகள் இயல்பாகவே நிலையற்ற பகுதிகள். அம்மரபணுவின் முன்பகுதியில் பாட்3 புகுந்ததால் பூஞ்சை நோய் உண்டாக்கும் திறன் பெற்றதை 2001இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பை‑டா கொண்ட பாங்க்ஸ் ரகம் வயலிலேயே நோய்க்கு ஆளானது. அங்கிருந்து எடுத்த பூஞ்சையில், புரதத்தின் வேலைசெய்யும் பகுதிக்கான குறியீட்டின் நடுவிலேயே பாட்3 உட்கார்ந்திருந்தது 2007இல் தெரியவந்தது. அதே ஆய்வில், நோய் உண்டாக்கிய மற்ற பூஞ்சைகளுள் பெரும்பாலானவற்றில் அந்த மரபணுப் பகுதியே வழக்கமான வடிவில் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாவும் துண்டு ஒரு வழி. ஒரே வழி அன்று. தனி எழுத்து மாறுவதும், முழு மரபணு தொலைவதும் பூஞ்சைக்குத் திறந்திருக்கும் மற்ற வழிகள்.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் உருவான கோ 39, குலை நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகம் என்று உலகெங்கும் ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்துவது. ஆனால் அதிலும் ஓர் எதிர்ப்பு மரபணு இருக்கிறது! காதல்புல் என்னும் வேறொரு புல்லைத் தாக்கும் பூஞ்சையில், அந்த எதிர்ப்பு மரபணு அடையாளம் காணும் புரதத்துக்கான மரபணு இருப்பதால், அந்தப் புரதம் வந்தால் கோ 39 தன்னைக் காத்துக்கொள்ளும். நெல்லைத் தாக்கும் பூஞ்சைகளோ பெரும்பாலும் அந்த மரபணுவை இழந்துவிட்டவை. இழந்த இடத்தின் ஓரங்களில் நகரும் துண்டுகளின் தடயங்கள் காணப்படுகின்றன. எதிர்ப்பே இல்லாதது என்று பெயரெடுத்த ரகத்தின் நிலை இது.

பூஞ்சைகளுக்கு இத்துண்டுகளைக் கட்டுப்படுத்தும் வழிகளும் உண்டு. ரொட்டியில் வளரும் நியூரோஸ்போரா, இரட்டிப்பான டி.என்.ஏ.வைக் கண்டால் அதில் எழுத்துகளை மாற்றிச் செயலிழக்கச் செய்துவிடும். 1987இல் அறியப்பட்ட இந்த ஏற்பாடு பாலினச் சேர்க்கையின்போது மட்டுமே இயங்கும். குலை நோய்ப் பூஞ்சையிடமும் இதன் சாயல் இருக்கிறது. ஆனால் வயலில் அது பெரும்பாலும் பாலிலா வித்துகளாலேயே பெருகுவதால் இந்தக் கட்டுப்பாடு இயங்க வாய்ப்பு அரிது. ஓர் இலைப் புள்ளியே ஆயிரக்கணக்கான வித்துகளை உதிர்க்கும். அவற்றுள் எங்கோ ஒன்றில் நெல் அடையாளம் காணும் அந்த மரபணு பழுதானாலும், ஊர் முழுக்க ஒரே ரகம் நிற்கும்போது அந்த ஒன்றுக்கு மட்டுமே உணவு கிடைக்கிறது. மற்றவை மடிய, அது பெருகுகிறது. எனவே பூஞ்சையை மட்டும் குறை சொல்வது முழு நியாயம் ஆகாது.

நெல்லுக்குத் தாவுமா என்ற கேள்விக்கு விடை சுருக்கமானது: உங்கள் வயலில் நடப்பது பூஞ்சையின் சொந்த மரபுத்தொகுதிக்குள் நிகழும் இடமாற்றம், அது நெல்லையோ சோற்றையோ உண்பவரையோ தொடாது. மரபணு மாற்றப்பட்ட பயிர்களோடும் இதற்குத் தொடர்பில்லை.

மருந்தின் அளவைக் கூட்ட வேண்டாம். ரகத்தின் எதிர்ப்பு முறிந்ததால் மருந்தும் முறிந்துவிட்டது என்று பொருளில்லை. டிரைசைக்ளசோல் போன்ற மருந்து, பூஞ்சை இலையைத் துளைக்கத் தேவையான கருநிறமியை உருவாகவிடாமல் செய்கிறது. மேலே சொன்ன அடையாளப் புரதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஸ்ட்ரோபிலூரின் வகை மருந்துகளைத் தொடர்ந்து அடித்தால் ஒற்றை எழுத்து மாற்றத்தாலேயே பூஞ்சை தப்பிவிடும். ஜப்பானில் அது நிகழ்ந்தும் இருக்கிறது. எதை அடித்தாலும் உறையில் உள்ள அளவில், வகையை மாற்றி மாற்றி அடிப்பதும், அவ்வாண்டு எதற்கு அனுமதி உண்டு என்பதை வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது. வெப்பமும் காப்பர் சல்பேட்டும் மேகித் துண்டைத் தூண்டுவது ஆய்வகத்தில் காணப்பட்டதுதான். அதற்காக மருந்தே அடிக்காமல் இருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விதையை மாற்றுங்கள், ஆனால் இன்னொரு ஒற்றை மரபணு ரகத்துக்கு மாறினால் சில ஆண்டுகளில் இதே கேள்வியை மீண்டும் கேட்க நேரலாம். புதிய ரகத்தைப் பற்றி விசாரிக்கும்போது ‘தாங்குமா’ என்று மட்டும் கேட்காமல், எத்தனை எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். வியட்நாமின் டெடெப் ரகத்திலிருந்து வந்த பை‑54, காட்டு நெல்லிலிருந்து வந்த பை‑9 போன்றவற்றை ஒன்றாகச் சேர்க்கும்போது, பூஞ்சை ஒரே தலைமுறையில் இரண்டு மரபணுக்களை இழந்தாக வேண்டும். அது மிக அரிது. அதோடு உங்கள் நிலத்திலேயே இரண்டு ரகங்களைப் பிரித்து நடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல், இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்து இடுங்கள்; தழைச்சத்து மிகுந்த பயிரில், பனி இறங்கும் குளிர்ந்த இரவுகளில், பாதி எதிர்ப்புள்ள ரகமும் தோற்றுப்போகும். நோய் வந்த வயலின் நெல்லை விதைக்கு எடுக்காதீர்கள், அந்த வைக்கோலை நாற்றங்காலுக்கு அருகில் போடாதீர்கள்.

காரணத்தை உறுதியாக அறிய விரும்பினால், நோயுற்ற கழுத்துப் பகுதிகளை நன்கு உலர்த்தி, காகித உறையில் இட்டு, ரகத்தின் பெயரையும் நட்ட தேதியையும் எழுதி, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தின் வழியாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கு அனுப்பக் கேளுங்கள். பிளாஸ்டிக் பையில் அனுப்பினால் வழியிலேயே வேறு பூஞ்சைகள் வளர்ந்துவிடும்.