லேல இருந்து வேலை பாக்கறேன், சம்பளம் எங்க போகுதுன்னே தெரியல

கேள்வி: சார், எனக்கு 33 வயசு, சொந்த ஊர் திண்டுக்கல். பெங்களூர் கம்பெனிக்கு ரிமோட்டா வேலை பாக்கறேன், ரெண்டரை வருஷமா லடாக்ல லே டவுன்ல ரூம் எடுத்து இருக்கேன். கைக்கு 85,000 வருது. சின்ன ஊர், செலவு கம்மின்னு நெனச்சு வந்தேன், ஆனா பேங்க்ல 40,000க்கு மேல தங்கவே மாட்டேங்குது. மியூச்சுவல் ஃபண்டுல எஸ்ஐபி மாசம் 10,000, இதுவரை 3.1 லட்சம் சேர்ந்திருக்கு. இங்க ஒரு ஹோம்ஸ்டேல 5 லட்சம் போட்டா பங்கு தர்றாங்க, வருஷம் 12 சதவீதம் உறுதிங்கறாங்க, போடலாமா? லடாக்ல இருந்தா இன்கம் டாக்ஸ் கிடையாதுன்னு கூட வேலை பாக்கறவர் சொல்றார், நிஜமா? அம்மா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்துடுங்கறாங்க, வந்துடவா? அண்ணன் கடைக்காக எடுத்த லோன் ஒண்ணு ஓடுது, அதை சமாளிச்சுக்கறேன்.

பதில்: மூணு கேள்வி கேட்டிருக்கீங்கம்மா, லோனைப் பத்தி மட்டும் கேட்கல. நான் திருப்பி விவரம் கேட்டப்புறம்தான் வந்துச்சு, அதுவும் மூணு மெயில்ல பிச்சுப் பிச்சு.

டாக்ஸ் விஷயத்தை சட்டுனு முடிச்சிடலாம். லடாக்ல அந்த விலக்கு இருக்கறது அங்க வாழற பழங்குடி மக்களுக்கு, அவங்க அங்க சம்பாதிக்கற வருமானத்துக்கு. திண்டுக்கல்காரங்க ரூம் எடுத்து தங்கினா வராது. கூட வேலை பாக்கறவர் இதை நம்பி ரிட்டர்ன் போட்டிருந்தா அவரை முதல்ல ஒரு ஆடிட்டரைப் போய் பாக்கச் சொல்லுங்க.

அடுத்து அம்மா சொல்றது. நீங்க அனுப்பின செலவுக் கணக்கைப் பார்த்தேன். வாடகை 16,000, சாப்பாடு கேஸ் எல்லாம் 14,000, ரெண்டு போஸ்ட்பெய்டு சிம்மும் பிராட்பேண்டும் சேர்த்து 3,000 (ரெண்டு எதுக்குன்னு நான் கேட்க மாட்டேன், வெளியூர் ப்ரீபெய்டு அங்க வேலை செய்யாது, ஒரு நெட்வொர்க் படுத்தா இன்னொண்ணு வேணும்). குளிர்காலத்துல ரூமைச் சூடாக்கற புகாரி அடுப்புக்கும் கேஸ் ஹீட்டருக்கும் ஆகறதை 12 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 3,000. ஆக 36,000. 3,500 மீட்டர் உயரத்துல, வருஷத்துக்கு மழையும் பனியும் சேர்த்தே 100 மில்லிமீட்டர் போல விழற ஒரு பாலைவன ஊர்ல, ஜனவரில குழாய்த் தண்ணி உறைஞ்சு பக்கெட்ல தூக்கி சமாளிக்கற இடத்துல ஒரு ஆளுக்கு 36,000 ஊதாரித்தனம் இல்லம்மா. பெங்களூர்ல இருந்தாலும் கிட்டத்தட்ட இதே ஆகும், டிராஃபிக் வேற. அதனால பணத்துக்காக இறங்கி வரணும்னு இல்ல, வேற காரணம் இருந்தா அது உங்க இஷ்டம்.

மீதியையும் கழிச்சுப் பார்ப்போம். 85,000ல ஈஎம்ஐ 15,850, அம்மாவுக்கு 12,000, எஸ்ஐபி 10,000 போனா 47,150. லே செலவு 36,000 போனா 11,150. வருஷத்துக்கு மூணு தடவை ஊருக்கு வர்றீங்க, மூணும் கடைசி நேர டிக்கெட், தடவைக்கு 30,000ன்னு எழுதியிருக்கீங்க, அது மாசத்துக்கு 7,500. மிச்சம் 3,650. ஒரு கீசர் புட்டுக்கிச்சுன்னா அந்த மாசம் மைனஸ்.

இப்ப லோனுக்கு வருவோம், நான் ஆறப்போட நினைச்சதே இதுதான்.

முதல்ல அண்ணனோட ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு 3 லட்சம், 14 சதவீதம், 5 வருஷம், ஈஎம்ஐ 6,980. 14 மாசம் கட்டினீங்க, கிட்டத்தட்ட 97,700. அசல்ல குறைஞ்சது 52,600தான். அப்ப அண்ணனுக்கு சரக்கு எடுக்க இன்னொரு 2.5 லட்சம் வேணும்னாரு, பேங்க் ஆப்ல ப்ரீ-அப்ரூவ்டுன்னு பச்சைக் கலர்ல மின்னிக்கிட்டிருந்துச்சு, டாப்-அப் அமுக்கிட்டீங்க. பழைய பாக்கியும் இதுவும் சேர்ந்து 5 லட்சம், திரும்பவும் 5 வருஷம், திரும்பவும் முதல் மாசத்துல இருந்து. அதுல 13 மாசம் கட்டி 1.51 லட்சம் போச்சு, அசல்ல 81,000 குறைஞ்சுது. போன மாசம் இன்னொரு டாப்-அப் 2.3 லட்சம், இப்ப 6.5 லட்சம், மறுபடி 60 மாசம்.

கூட்டிப் பாருங்க. 27 மாசத்துல கையில இருந்து கட்டினது 2.5 லட்சம். அதுல 1.15 லட்சம் வட்டி. ஈஎம்ஐல ஆரம்ப மாசங்கள்லதான் வட்டி அதிகமா போகும், அசல் வேகமா குறையற காலம் வரும்போதெல்லாம் நீங்க மீட்டரை ஜீரோல வச்சு புதுசா ஆரம்பிக்கறீங்க. இப்படியே போனா 40 வயசுலயும் உங்களுக்கு இன்னும் 60 ஈஎம்ஐ பாக்கி இருக்கும்.

அண்ணன் ஈஎம்ஐ நான் கட்டறேன்னு சொன்னாரு, நாலு மாசம் அனுப்பினாரு, அப்புறம் சீசன் சரியில்ல. நான் அவரைக் குறை சொல்லல, கடை வச்சவனுக்கு என்னைக்குமே சீசன் சரியில்லதான். ஆனா நீங்க ஏன் ஒவ்வொரு தடவையும் அமுக்கறீங்கங்கறதை நீங்களே எழுதியிருக்கீங்க, அண்ணன் பொண்ணு காதுகுத்துக்கு வர முடியல, பனில ஃப்ளைட் கேன்சல், வீட்ல எல்லாரும் நீங்க போட்ட பாங்காங் ஏரி போட்டோவைப் பார்த்து "உனக்கென்ன, ஜாலியா இருக்க, கல்யாணமும் ஆகல, செலவும் இல்ல"ங்கறாங்க, பக்கத்துல இல்லாத குறைக்குப் பணமாவது குடுப்போம்னு தோணுது. அந்தப் போட்டோல உங்க கையில இருந்த லேப்டாப்போ ராத்திரி மைனஸ் 15ல வந்த கிளையன்ட் காலோ தெரியாது. காதுகுத்துக்குப் போகலைன்னா மொய் அனுப்பலாம்மா, 5,000 ஜிபே பண்ணலாம், மொய்க்குப் பதிலா 5 வருஷ லோன் எழுதித் தர்ற வழக்கம் நம்ம ஊர்ல எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இன்னொண்ணு கேட்கறேன், கோவிச்சுக்காதீங்க. அண்ணனுக்கு பேங்க் லோன் தரலைங்கறீங்க. கடன் குடுக்கறதையே தொழிலா வச்சிருக்கறவன் அவர் கணக்கைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லியிருக்கான், நீங்க கணக்கே பாக்காம 7.8 லட்சம் குடுத்திருக்கீங்க. கடைக்கு உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சிறுதொழில் பதிவு), ஜிஎஸ்டி ஃபைலிங் ஒழுங்கா இருந்தா மத்திய அரசோட முத்ரா கடன் திட்டத்துல அவரே 10 லட்சம் வரைக்கும் கேட்கலாம். அவசரம்னா நகைக்கடன் இருக்கு, பேங்க்ல வச்சா உங்க பர்சனல் லோனை விட வட்டி கம்மி. அண்ணி நகை 25 பவுன் பீரோல இருக்குன்னு ரெண்டாவது மெயில்ல நீங்கதான் எழுதினீங்க. அண்ணி நகை பீரோல, உங்க சிபில் ஸ்கோர் அடகுல.

அதனால முதல் வேலை, பேங்குக்கு ஒரு மெயில் போட்டு ப்ரீ-அப்ரூவ்டு, டாப்-அப் ஆஃபர் எதுவும் எனக்கு வேண்டாம்னு நிறுத்தச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட "பேங்க் தர மாட்டேங்குது"ன்னு பொய் சொல்லாதீங்க, அடுத்த நாளே வேற ஒரு லோன் ஆப் பேரோட வருவாரு. "என் பேர்ல இனி கடன் எடுக்க மாட்டேன், இருக்கறதை நான் அடைச்சுக்கறேன், நீ திருப்பித் தர வேண்டாம்"னு நேரா சொல்லிடுங்க. 7.8 லட்சத்தை விட்டுடச் சொல்றேன்னு வயிறு எரியும், ஆனா அது வரும் வரும்னு நெனச்சுக்கிட்டு இருக்கறவரைக்கும்தான் அடுத்த டாப்-அப்புக்குக் கை போகுது.

ரெண்டாவது, எஸ்ஐபியை நிறுத்துங்க. எஸ்ஐபியை நிறுத்தினா உலகமே இடிஞ்சு விழுந்துடும்னு ரீல்ஸ்ல கத்தறவங்க 14 சதவீதக் கடனை வச்சுக்கிட்டு கத்தல. 14 சதவீதம் கட்டிக்கிட்டே 12 வரலாம்னு ஃபண்டுல போடறது எந்த ஊர் கணக்கு? அந்த 10,000ஐயும் மாசாமாசம் லோன்ல சேர்த்துக் கட்டினா 60 மாசம் 32 மாசமா சுருங்கும், வட்டில 1.3 லட்சம் போல மிச்சம். சில பேங்க்ல முதல் 12 ஈஎம்ஐ முடியாம பார்ட் பேமென்ட் வாங்க மாட்டாங்க, அப்படின்னா அதுவரைக்கும் ஆர்டில போட்டு வச்சு ஒரேயடியா கட்டுங்க, கணக்கு கொஞ்சம்தான் மாறும்.

மூணாவது, ஃபண்டுல இருக்கற 3.1 லட்சத்துல 1.5 லட்சத்தை எடுத்து எஃப்டில தனியா வைங்க. ஒரு வருஷம் தாண்டின ஈக்விட்டி யூனிட்டுக்கு லாபம் வருஷத்துக்கு 1.25 லட்சம் வரைக்கும் வரி இல்ல, உங்க லாபம் அதைத் தொடல. வேற ஊர்க்காரங்களுக்கு நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். உங்க ஊர்ல பனிக்கும் ஃப்ளைட் நிக்கும், வெயிலுக்கும் நிக்கும், 2024 ஜூலைல சூடு ஏறி காத்து இன்னும் லேசாகி ஃப்ளைட் கேன்சல் ஆனது ஞாபகம் இருக்கும். குளிர்ல ரோடும் அடைச்சுடும், பெரிய வியாதின்னா சண்டிகருக்கோ டெல்லிக்கோ பறக்கணும். 2025 செப்டம்பர் 24 கலவரத்துக்கு அப்புறம் மொபைல் நெட்டை நாட்கணக்குல நிறுத்தினாங்க, லாப்டாப்பை நம்பி சாப்பிடறவங்களுக்கு அது சம்பளமில்லா லீவு. அந்த 1.5 லட்சம் இருந்தா அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு போன் வந்தாலும் கிரெடிட் கார்டைத் தேய்க்காம டிக்கெட் போடலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வர்றது முன்னாடியே தெரிஞ்சதுதானே, அதை ரெண்டு மூணு மாசம் முன்னாடி போட்டா அதுலயே வருஷத்துக்கு 20,000 மிச்சம் பிடிக்கலாம்.

ஹோம்ஸ்டே பங்கா? போன ஜனவரில உங்க ஜன்னல் வழியா எத்தனை கெஸ்ட் ஹவுஸ் பூட்டிக் கெடந்துச்சுன்னு நீங்கதான் பார்த்தீங்க. மே முதல் செப்டம்பர் வரைக்கும்தான் பெரிய கூட்டம், அஞ்சு மாச வியாபாரத்துல 12 மாசத்துக்கும் "உறுதியா" 12 சதவீதம் எப்படித் தருவான்? ரூம் வருமானத்துல இருந்தா, உங்களுக்கு அப்புறம் பணம் போடறவங்க பணத்துல இருந்தா? நிலம் யார் பேர்லன்னு கேட்டுப் பாருங்க. எங்க நிலத்துக்குப் பாதுகாப்பு குடுங்கன்னு அந்த ஊர் ஜனங்க போராடிக்கிட்டு இருக்காங்க, அதுல வெளியூர்காரருக்குப் பங்குன்னு ஒரு பேப்பரை 5 லட்சத்துக்கு விக்கறாங்கன்னா அந்தப் பேப்பரை எங்க போய் காட்டுவீங்க? அதோட, அந்த 5 லட்சம் உங்ககிட்ட ஏதும்மா, அதுக்கும் ஒரு டாப்-அப்பா?

கடைசியா ஒரு சந்தேகம், இதை மட்டும் இன்னைக்கே பாருங்க. 6.5 லட்சத்துக்கு 14 சதவீதம் 60 மாசம்னா ஈஎம்ஐ 15,125 போலதான் வரணும். உங்களுக்கு 15,850 போகுது. திருப்பிப் போட்டுப் பார்த்தா கடன் 6.81 லட்சம்னு வருது, அதாவது நீங்க வாங்காத 31,000 உள்ள இருக்கு. ப்ராசசிங் ஃபீ கொஞ்சம் இருக்கும், மீதி பெரும்பாலும் லோன் இன்ஷூரன்ஸ், அந்தப் பச்சை பட்டனுக்குக் கீழ சின்ன டிக் மார்க்கா இருந்திருக்கும். சாங்ஷன் லெட்டரை டவுன்லோடு பண்ணிப் பாருங்க. பாலிசி கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளைக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா சில்லறைக் கழிவு போக பணம் திரும்ப வரும். டாப்-அப் எடுத்தது போன மாசம் 20ஆம் தேதின்னு சொல்றீங்க, பாலிசி மெயில் என்னைக்கு வந்துச்சுன்னு ஸ்பாம்ல தேடுங்க, நாள் அதிகமா இல்ல.