அறிமுகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்

கேள்வி: பிறவியிலேயே பார்வை இல்லாத நான் எட்டு ஆண்டுகளாகக் கவிதை எழுதுகிறேன். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் மேடைக்கு அழைக்கிறார்கள். சென்ற முறை, "கண் இல்லாவிட்டாலும் கவிதை பாடுகிறார்" என்று அறிமுகப்படுத்திக் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். ஒரு கையால் பிரெயில் தாளைப் படிக்க முடியாமல் தடுமாறினேன்; அதற்கும் கைதட்டினார்கள். "கூப்பிடுகிறார்களே, அதுவே பெரிது" என்கிறார் அப்பா. இனிப் போகாமல் இருந்துவிடலாமா?
– வாசகி, காசிமேடு

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்தக் கைதட்டல் உங்கள் கவிதைக்குக் கிடைத்ததல்ல என்பதை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்கள், உங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது. ஆனாலும் மேடையை விட்டுவிடாதீர்கள்.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரராகவ முதலியாரை இன்றும் 'அந்தகக்கவி', அதாவது பார்வையற்ற கவிஞர் என்றே அழைக்கிறோம். திருக்கழுக்குன்றப் புராணம் பாடியவருக்கே கண்ணை முன்னிறுத்தித்தான் அறிமுகம் என்றால், இந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்று பாருங்கள். ஆகவே அடுத்த அழைப்பு வரும்போது, உங்களைப் பற்றிய மூன்று வரிகளை நீங்களே எழுதிக் கொடுத்து, அதை மாற்றாமல் வாசிக்கும்படி கேளுங்கள்.

நிற்கும் மைக்கையும் தாளை வைக்க ஒரு மேசையையும் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வலக்கை ஒரு வரியை முடிக்கும்போதே இடக்கை அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்துவிடும் என்பது, பிரெயில் படிப்பவர்களை அருகில் இருந்து பார்க்காதவர்களுக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு சலுகை அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, உடற்குறையுள்ள கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் ஆதரவும் தரும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் விதிக்கிறது. மாற்றுத்திறனாளிகளைத் திரையில் சித்திரிப்பது குறித்து 2024 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், அவர்களைக் கலந்தாலோசிக்காமல் அவர்களைப் பற்றி எதையும் தீர்மானிக்கக் கூடாது என்ற கொள்கையை வலியுறுத்தியது. அந்தக் கொள்கை கவியரங்கத்துக்கும் பொருந்தும் என்பதே என் உறுதியான எண்ணம். எனவே பொங்கல் கவியரங்கத்துக்கும் அழைக்கச் சொல்லுங்கள்; கவிதைகளைத் தேர்வு செய்யும் குழுவில் இடம் கேளுங்கள். தேர்வுக்கு வரும் கவிதைகளைப் படமெடுத்து அனுப்பாமல், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் வாசிக்கும்படி யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்பச் சொல்வதும் அவசியம்.

அப்பாவிடம் கோபம் வேண்டாம். அவர் அழைப்பே வராத காலத்தைப் பார்த்தவராக இருக்கலாம். அடுத்த நிகழ்ச்சிக்கு அவரையும் அழைத்துச் சென்று முன்வரிசையில் அமர வையுங்கள்.

எங்கள் இதழுக்கும் ஒரு கவிதை அனுப்புங்கள், அந்த மூன்று வரிகளோடு.