நீலப் பாப்பி வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: இமயமலை நீலப் பாப்பி என்ற பெயரில் காணும் படங்கள் எல்லாம் ஒரே செடியைக் குறிப்பவைதானா?

பதில்: இல்லை. கசகசாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த மெக்கனாப்சிஸ் பேரினத்தில் பல சிற்றினங்கள் உள்ளன. தோட்டங்களில் பெரிதும் வளர்க்கப்படுவது தென்கிழக்குத் திபெத்தைத் தாயகமாகக் கொண்ட ‘மெக்கனாப்சிஸ் பெய்லியை’ என்ற இனம். 1913இல் பெய்லி என்ற பிரித்தானிய அதிகாரி அதன் மலரைச் சேகரித்தார், 1924இல் தாவர சேகரிப்பாளர் கிங்டன் வார்டு திரட்டிய விதைகள் வழியாகவே அது தோட்டங்களுக்குப் பரவியது. உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கில் பூக்கும் முட்கள் நிறைந்த மெக்கனாப்சிஸ் அக்குலியாட்டா வேறு இனம்.

கேள்வி: அரை அங்குல ஆழத்தில் விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.

பதில்: ஆழமும் விதையின் வயதும் காரணமாக இருக்கலாம். முளைப்பதற்கு வெளிச்சம் உதவும் என்பதால், ஈரமான மண்கலவையின் மேல் விதைகளைத் தூவி, மெல்லிய மணலை மட்டும் சிறிதளவு பரப்பினால் போதும். நாள்பட்ட விதையை ஈரக் கலவையோடு சில வாரங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, பிறகு 10 முதல் 15 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு மாற்றுங்கள். முளைத்தபின் நாற்றழுகல் வரும்: விதையிலை பச்சையாகவே இருக்க, மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு பழுப்பேறி நூல்போல் மெலிந்து சாயும். நெருக்கமாக விதைக்காமல், தட்டில் நீர் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிடுவதே நல்ல தடுப்பு.

கேள்வி: ஹைட்ரேஞ்சியாவுக்கு இடுவதுபோல் படிகாரம் இட்டும் பூ ஊதாவாகவே மலர்கிறது. ஏன்?

பதில்: ஹைட்ரேஞ்சியாவின் நீலத்துக்குத் துணைநிற்பது அலுமினியம். இங்கே அப்படியன்று, அமிலத்தில் சிவப்பாகத் தோன்ற வேண்டிய சயனிடின் நிறமி, இதழின் உயிரணுக்களுக்குள் இரும்பு, மக்னீசியம் அயனிகளோடும் மற்றொரு நிறமற்ற சேர்மத்தோடும் பிணைவதால்தான் அந்த வான்நீலம் பிறக்கிறது. ஆகவே படிகாரத்தை நிறுத்திவிட்டு, இலைமட்கு நிறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள மண்ணைத் தாருங்கள். அதில் வேருக்கு இரும்பு எளிதில் கிடைக்கும். விதைவழிச் செடிகளில் சில பிறவியிலேயே ஊதா நிறம் கொண்டவை. அவற்றை எந்த உரமும் மாற்றாது.

கேள்வி: முதல் ஆண்டிலேயே மொட்டு வைத்துவிட்டது. கிள்ளிவிடலாமா?

பதில்: பெய்லியை இனமாக இருந்தால் கிள்ளிவிடுங்கள். பக்கக் குருத்துகள் உருவாகுமுன் பூத்தால், பூத்த இலைக்கொத்து மடியும்போது செடியே போய்விடக்கூடும். அக்குலியாட்டா இயல்பிலேயே ஒருமுறை பூத்து, விதை தந்து, பட்டுப்போகும் இனம். அதன் மொட்டைக் கிள்ளுவது பூவை இழப்பதில்தான் முடியும்.

கேள்வி: கோடையில் கடும் வெயில் அடிக்கும் இடத்தில் நிழல்வலை கட்டி வளர்க்கலாமா?

பதில்: முயல வேண்டாம் என்பதே என் கருத்து. நிழல்வலை வெயிலைத் தடுக்குமே ஒழிய, வெப்பமான இரவைக் குளிர்விக்காது. இச்செடி ஸ்காட்லாந்தில் செழிப்பதற்குக் காரணம் அங்குள்ள குளிர்ந்த, ஈரமான கோடைதான். குளிர்காலத்தில் இலைகள் வாடி மண்ணுக்குள் ஒடுங்கும் செடிக்கு உறைபனி பெரிய பகையன்று. அப்போது வேரடியில் நீர் தேங்கினால் மட்டும் குருத்து அழுகிவிடும்.