தையல் அறை எத்தனை சதுர அடி?

கேள்வி: மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒரு அறையில் ப்ளவுஸ் தைக்கிறேன், ஆரி வேலையும் செய்கிறேன். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை மொத்தம் 14 லட்சம் வந்தது. அதில் 11 லட்சம் ஜிபே, மீதி ரொக்கம். துணி, நூல், உதவிக்கு வரும் இரண்டு பெண்களின் சம்பளம் போக ஐந்தரை லட்சம் நிற்கிறது. வாடகை 18,000 ரூபாய், அக்ரிமென்ட் கணவர் பெயரில். டிசம்பரில் 28,000 ரூபாய்க்குப் பவர் மெஷின் வாங்கினேன். ரொக்கமாகக் கொடுத்ததால் கொஞ்சம் குறைத்தார்கள். வாடகை, கரண்ட் பில், மெஷின் எல்லாவற்றையும் வருமானத்தில் கழிக்கலாமா?

பதில்: பயப்படாமல் படியுங்கள் அம்மா. வேறு வருமானம் இல்லையென்றால், புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கிடையாது. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

இனி வாடகை. முழு வாடகையையும் கழிக்க முடியாது, தொழிலுக்குப் பயன்படும் பங்கு மட்டும்தான். இஞ்ச் டேப் உங்களிடம் இல்லாமலா இருக்கும்? அளந்துவிடுங்கள். அறை பத்துக்குப் பன்னிரண்டு, வீடு 720 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் ஆறில் ஒரு பங்கு. மாதம் 3,000, வருடம் 36,000. ராத்திரி அதே அறையில் பாய் விரித்துப் பிள்ளைகள் படுப்பார்கள் என்றால் இன்னும் குறைத்துக்கொள்வதுதான் நியாயம்.

நிறைய வீடுகளில் சிக்கல் வருவது இதற்கு அடுத்த இடத்தில். கணவர் பழைய வரி முறையில் இருந்துகொண்டு, அதே 18,000 ரூபாயைக் காட்டி ஆபீஸில் எச்.ஆர்.ஏ. என்கிற வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை வாங்குகிறாரா? ஒரே வாடகையை இருவரும் காட்டக் கூடாது. இனிமேலாவது உங்கள் பங்கை உங்கள் கணக்கிலிருந்தே வீட்டு ஓனருக்கு அனுப்புங்கள். கணவர் மீதிக்கு மட்டும் எச்.ஆர்.ஏ. கேட்கட்டும்.

கரண்ட் பில்லுக்குச் சதுர அடி சரிவராது. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு யூனிட். ஒரு வாரம் மெஷினும் பெட்டியும் ஓடும் நேரத்தை நோட்டில் குறித்தாலே தோராயம் கிடைத்துவிடும். வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருந்த காலத்தில், நானே முழு பில்லையும் தொழில் செலவில் எழுதியிருந்தேன். "சார், உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையா?" என்று கேட்டார் அதிகாரி. ஆடிட்டரான எனக்கே வாய் அடைத்துப்போனது அன்றைக்குத்தான்.

மெஷின் விஷயத்தில் கொஞ்சம் நஷ்டப்பட்டுவிட்டீர்கள். மெஷினின் விலையை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, தேய்மானம் வருடத்துக்கு 15 சதவீதம். வாங்கி 180 நாள் ஆகாததால் முதல் வருடம் அதிலும் பாதி, அதாவது 2,100 ரூபாய். ஆனால் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய பொருளுக்கு அந்தத் தேய்மானமும் கிடையாது. கடைக்காரர் குறைத்தது எவ்வளவோ, உங்களுக்குப் போனது வருடா வருடம் போகும்.

இதையெல்லாம் படிவத்தில் எங்கே எழுதுவது? எழுதவே வேண்டாம். வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டும் முறைதான் 44ஏடி பிரிவு. அதில் ஐ.டி.ஆர்.-4 என்ற ரிட்டர்ன் படிவம் போடலாம். ஜிபேயில் வந்ததற்கு 6 சதவீதம் 66,000, ரொக்கத்துக்கு 8 சதவீதம் 24,000, ஆக 90,000. லாபம் இதற்குக் குறையாமல் காட்டினால் கணக்குப் புத்தகம் வேண்டாம், செலவெல்லாம் அதற்குள் அடக்கம். "அப்போ 90,000 மட்டும் போடு" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அது குறைந்தபட்சம்தான். கையில் நின்றது அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். நாம் அளந்ததெல்லாம் அந்த உண்மைத் தொகையைக் கண்டுபிடிக்கத்தான். திருவல்லிக்கேணியில் வடாம் போட்டு விற்கும் ஓர் அம்மா மூன்று வருடம் குறைத்தே காட்டினார். லோனுக்குப் போனபோது மேனேஜர் ரிட்டர்னைப் புரட்டிவிட்டு, "இந்த வருமானத்தில் தவணை எப்படிக் கட்டுவீர்கள்?" என்றாராம்.

கேள்வி: கொளத்தூரில் சொந்த வீடு. ஹாலில் டியூஷன் எடுக்கிறேன். எனக்கு நானே வாடகை போட்டுக் கழிக்கலாமா?

பதில்: முடியாது. இடது பாக்கெட்டிலிருந்து வலது பாக்கெட்டுக்கு மாற்றுவதற்குப் பெயர் வாடகை இல்லை. நீங்கள் 44ஏடி மாதிரி உத்தேச முறைக்குப் போகாமல் கணக்கு எழுதுகிறவர் என்றால், கார்ப்பரேஷன் சொத்து வரியில் ஹாலின் பங்கையும், ஹாலில் செய்த ரிப்பேர் செலவையும் கழிக்கலாம். பெயின்டர் மொத்த வீட்டுக்கும் ஒரே பில் கொடுத்திருந்தால், ஹாலுக்குத் தனியாக எழுதி வாங்கிவிடுங்கள்.